இரண்டு கையும் தூக்கினால்

போன வாரம் தூக்கி வைத்துக்கொண்ட முகத்தை மைக்செட்காரர் இன்னும் இறக்கி வைக்கவில்லை.

அவர் பக்கமும் நியாயம் இருக்கத்தான் செய்தது. அவர் மனைவியின் அண்ணன் போருக்குப் போய், இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் காலோடு திரும்பி வந்தவன். அவனுக்கு ஊர் கூடி ஒரு பாராட்டு விழா எடுக்க வேண்டும் என்று இவர் நாயாக அலைந்தார். மண்டபம் பிடித்தார், பேண்டு வாத்தியத்துக்குச் சொன்னார், கேடயம் செய்யக் கொடுத்தார். தெருவுக்குத் தெரு மச்சானின் படம் போட்ட பேனர் கட்டினார். எல்லாம் முடித்துத் தேதியைச் சொன்னால், விழா நாயகன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அன்னைக்குக் காலையில எனக்கு வேலை இருக்கு மாப்பிள்ளை" என்றுவிட்டான்.

வேலை என்றால், வேலைக்கான பரீட்சை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுவதற்கு.

அவன் தங்கை, அதாவது மைக்செட்காரரின் மனைவி, அங்கே எடைமேடையில் லாரிகளை எடை போடுகிறவள். ஃபோர்மேன் போகும்போதும் வரும்போதும் அண்ணனைப் பற்றியே பேசுவாள். பேச்சுக்குப் பயந்து அவர் சுற்றுவழியில் நடக்க ஆரம்பித்தார். அங்கேயும் போய் நின்றாள். கடைசியில் அவரே களைத்துப்போய் ஒரு நாளைக் குறித்துக் கொடுத்தார். "ஒரே ஒரு தடவைதாம்மா. தேறலைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்."

அந்த நாள்தான் இன்று.

காலையிலேயே வீடு பரபரப்பாக இருந்தது. ரொட்டியும் முட்டையும் ஆறிக்கொண்டிருக்க, அண்ணனும் தங்கையும் சாப்பாட்டு மேஜையையே துறைமுகமாக்கி வைத்திருந்தார்கள். தங்கை வலது கையை நீட்டிக் கட்டைவிரலை மேலே காட்டினாள்.

"தூக்கு" என்றான் அண்ணன்.

கட்டைவிரல் கீழே போனது.

"இறக்கு. இதெல்லாம் எனக்குத் தூக்கத்துல கூட வரும். இங்க பாரு, சைகைக்காரர்னு ஒருத்தரை நிறுத்துவாங்க. அவர் கையை மட்டும்தான் நான் பார்க்கணும். வேற யார் என்ன காட்டினாலும் கண்டுக்கக் கூடாது. ஒண்ணே ஒண்ணைத் தவிர."

அவன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினான். தேநீர்க் கோப்பை கவிழ இருந்தது. தங்கை தாங்கிப் பிடித்தாள்.

"இதை யார் காட்டினாலும் நிறுத்தியே ஆகணும். ஃபோர்மேன் காட்டினாலும் சரி, வழியில போறவன் காட்டினாலும் சரி. ஏன், எதுக்குன்னு கேக்கக் கூடாது. தூக்கின கை இறங்குற வரைக்கும் கொக்கி அசையக் கூடாது."

மைக்செட்காரரும் அதே மேஜையில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் காதில் போன் இருந்தது. இந்த உலகத்தில் மற்ற எல்லாருக்கும் சத்தமாகக் கேட்க வைப்பவர் அவர். தன் காதில் எதையும் போட்டுக்கொள்ள மாட்டார்.

"ஆமாம்ப்பா, எல்லாரையும் அங்கேயே வரச் சொல்லிடு" என்று போனில் குசுகுசுவென்று சொல்லி முடித்துவிட்டு, மச்சானைப் பார்த்துத் திரும்பினார். "ஊரே ஒரு தடவை எழுந்து நின்னு உங்களுக்குக் கைதட்டணும்னு ஆசைப்பட்டேன் மச்சான். அது ஒரு குத்தமா?"

"குத்தம் இல்ல மாப்பிள்ளை. கைதட்டல் சாயங்காலத்தோட முடிஞ்சிடும். மறுநாள் காலையில எழுந்து நான் எங்கேயாவது போகணும் இல்லையா?"

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மைக்செட்காரர் ஆறிப்போன ரொட்டியைப் பிய்க்க ஆரம்பித்தார்.

திரும்பி வந்ததிலிருந்து அண்ணனுக்குப் பாராட்டுக்குக் குறைவே இல்லை. முடிதிருத்துபவர் அவனை முதலில் உட்கார வைப்பார். பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்கள். வேலை என்று கேட்டால் மட்டும், "உங்களுக்கு எதுக்கு சார் இனிமே கஷ்டம், நிம்மதியா இருங்க" என்பார்கள். நிம்மதியாக இருந்து இருந்து அவனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

படையில் அவன் கிரேன் வண்டி ஓட்டியவன். கவிழ்ந்து கிடக்கும் வண்டிகளைத் தூக்கி மீட்பது வேலை. அங்கே எல்லாரும் அவனைக் கூப்பிட்டது கொக்கி என்று. கீழே நின்று அவனுக்குச் சைகை காட்டிய கூட்டாளிக்குப் பேர் கம்பம். நின்ற இடத்தை விட்டு நகராதவன் என்பதால் அந்தப் பேர். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அண்ணன் தன் காலைப் பற்றிக் கேட்கவில்லை. "கீழே நின்னவன் எங்கே?" என்றுதான் கேட்டான். உயிரோடு இருக்கிறான் என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பத்திடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. போன் எண்ணையும் மாற்றிவிட்டான்.

"கிளம்பலாமா?" என்றாள் தங்கை.

"ஒத்தைக் கால்ல நின்னு இந்தப் பரீட்சையை வாங்கிக் கொடுத்திருக்கே. இனி ஒத்தைக் கால்ல நிக்க வேண்டியது நான்" என்றபடி அண்ணன் செயற்கைக் காலின் வாரை இறுக்கிக்கொண்டு எழுந்தான்.

சிரித்துக்கொண்டேதான் கிளம்பினார்கள். அவள் தட்டில் முட்டை மட்டும் தொடாமலே இருந்தது.

*

துறைமுகத்தில் ஃபோர்மேன் தலைக்கவசத்தைக் கொடுத்துவிட்டு மேலே கையைக் காட்டினார். கிரேனின் ஓட்டுநர் அறை ஆகாயத்தில் ஒரு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அங்கே போக ஓர் இரும்பு ஏணிதான் வழி.

"இதுதான் முதல் பரீட்சை" என்றார். "பாதியில முடியலைன்னா சொல்லிடு. அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல."

அண்ணன் ஏணியைப் பிடித்தான். முதலில் இரண்டு கைகள், பிறகு வலது கால், கடைசியில் செயற்கைக் கால். அது இரும்பில் மோதும்போதெல்லாம் டக்கென்று ஒரு சத்தம். டக், டக் என்று அந்தச் சத்தம் மேலே மேலே போனது. நடுவில் ஓர் இடத்தில் சத்தம் நின்றது. அவன் வாரைச் சரி செய்துகொண்டு மறுபடி ஏறினான். கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டபோது அவள் தன் தலைக்கவசத்தைத் தானே ஒரு தட்டு தட்டிக்கொண்டாள்.

"அடேங்கப்பா" என்றார் ஃபோர்மேன், தனக்குள்.

அடுத்தது பாரம். இரும்புக் கன்டெய்னர் ஒன்றைத் தூக்கி, தளத்தைத் தாண்டிக் கொண்டுபோய், மறுபக்கம் தரையில் வரைந்திருக்கும் மஞ்சள் கட்டத்துக்குள் இறக்க வேண்டும். கன்டெய்னரின் தலையில் ஒரு வாளி. வாளி நிறையத் தண்ணீர். கிரேன் ஓட்டத் தெரிந்தவனையும் தெரியாதவனையும் பிரித்துக் காட்ட ஃபோர்மேன் கண்டுபிடித்த வழி அது. தண்ணீர் கொட்டினால் பரீட்சை முடிந்தது.

கன்டெய்னரை எடைபோட்டு அனுப்பியவள் என்ற சாக்கில் தங்கை அங்கேயே நின்றுகொண்டாள். ஃபோர்மேன் கண்டும் காணாதது மாதிரி இருந்துவிட்டார்.

சைகைக்காரர் வந்து நின்றார். கட்டைவிரல் மேலே போனது.

கம்பிவடம் இறுகியது. கன்டெய்னர் தரையை விட்டுக் கிளம்பியதே தெரியவில்லை. தரைதான் மெல்ல விலகிப் போன மாதிரி இருந்தது. வாளி அசையவில்லை. தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். கன்டெய்னர் உயர்ந்து, திரும்பி, தளத்துக்கு மேலே பாதி வழி வந்தது.

அப்போதுதான் பேண்டு வாத்தியம் கேட்டது.

முதலில் ஏதோ கப்பலில் வாசிக்கிறார்கள் என்று நினைத்தாள். பிறகு அந்த வண்டியைப் பார்த்தாள். வண்டியின் மேல் அவளுக்கு நன்றாகத் தெரிந்த ஒலிபெருக்கி. ஒலிபெருக்கிக்குப் பின்னால் அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரிந்த கணவர். அவருக்குப் பின்னால் ஒரு கல்யாணக் கூட்டம்.

விழா நாயகன் மண்டபத்துக்கு வரவில்லை என்றால் விழாவைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். துறைமுக ஆண்டு விழாவுக்கு மைக்செட் போடுகிறவர்தானே என்று வாசல் காவலர் வண்டியை விட்டார். வண்டியோடு கூட்டமும் வந்துவிட்டது. சங்கிலித் தடுப்பு வரைக்கும் வந்து நின்றார்கள். மைக்செட்காரர் ஒலிபெருக்கியை இறக்கி, தடுப்பைத் தாண்டி உள்ளே, கிரேனுக்கு நேராக வைத்தார். மச்சானுக்குக் கேட்க வேண்டுமே.

"அதோ, மேலே பாருங்க" என்று ஒலிபெருக்கி முழங்கியது. "நம்ம வீரர் அங்கேதான் இருக்கார். எல்லாரும் ரெண்டு கையையும் தூக்கி ஆட்டுங்க. அவருக்குத் தெரியட்டும்."

கூட்டம் முழுக்க இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது.

கன்டெய்னர் அப்படியே அந்தரத்தில் நின்றது.

வாளித் தண்ணீர் இந்தப் பக்கம் ஒரு தரம் சாய்ந்தது. அந்தப் பக்கம் ஒரு தரம் சாய்ந்தது. விளிம்பைத் தொட்டுவிட்டு அடங்கியது. ஒரு சொட்டு விழவில்லை.

"யாரும்மா இவங்க?" என்றார் ஃபோர்மேன்.

"எங்க வீட்டுக்காரர் சார்" என்றாள் தங்கை, பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்ற குரலில்.

கிரேன் அசையாததைப் பார்த்த கூட்டம், வீரர் தங்களைப் பார்த்துவிட்டார், அதனால்தான் நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டது. சந்தோஷம் தாங்காமல் இன்னும் வேகமாகக் கையை ஆட்டியது. தங்கை கத்தினாள். பேண்டு சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. ஓடினாள். சங்கிலியைத் தாண்டிக் குதித்துக் கணவர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"கையைக் கீழே போடுங்க. எல்லாரும். நீங்க தூக்கின கையாலதான் அங்க எல்லாம் நின்னு போச்சு. உங்க கை இறங்கினாதான் அவனால வேலை செய்ய முடியும்."

முன்வரிசை திகைத்துப்போய்க் கையை இறக்கியது. பின்வரிசைக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாத்தா ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் கையையும் சேர்த்து இறக்கிவிட்டார். எல்லாம் அடங்கிய பிறகும் ஒரு ஜோடிக் கை மட்டும் காற்றில் மும்முரமாக ஆடிக்கொண்டிருந்தது.

"பேண்டு மாஸ்டர், உங்களையும்தான் சொல்றேன்."

வாத்தியம் நின்றது. தளத்தில் அலைச் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

"நான் என்ன தப்பா…" என்று ஆரம்பித்தார் மைக்செட்காரர்.

"காலையில அதே மேஜையிலதானே இருந்தீங்க? உங்க எதிர்லதானே சொன்னான்?" தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தடவை யாராவது கையைத் தூக்கினா அந்தத் தண்ணி தாங்காது. அவனுக்கு இருக்கிறது இந்த ஒரு வாய்ப்புதான்."

அவர் முகம் விழுந்துவிட்டது. கூட்டத்தில் எல்லாரும் கையைப் பையில் விட்டுக்கொண்டார்கள். சிலர் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

சைகைக்காரர் மறுபடி கை காட்டினார். கன்டெய்னர் நகர்ந்தது. தங்கை சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வாளியையே பார்த்தாள்.

"பயப்படாதீங்க" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நிறுத்தின நிறுத்துல ஒரு சொட்டு விழலையே. கொக்கிக்குப் பதட்டம் வராது."

அவள் சட்டென்று திரும்பினாள்.

மெலிந்த மனிதர் ஒருவர் நின்றிருந்தார். இடது பக்கம் சட்டைக் கை காலியாக, நுனியைச் சட்டைப் பைக்குள் செருகி வைத்திருந்தார். அவர் கண் கிரேன் மேலே இல்லை, அவள் மேலேயும் இல்லை. தொங்கும் பாரத்தின் அடிப்பாகத்திலேயே இருந்தது.

"கொக்கின்னு அவனை யாரும் இங்க கூப்பிட மாட்டாங்களே" என்றாள் அவள். "நீங்க யாரு?"

"தெருவுல பேனர் பார்த்தேன். ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடலாம்னு…"

அவர் பேச்சு பாதியில் நின்றது.

கன்டெய்னர் மஞ்சள் கட்டத்துக்கு மேலே வந்து இறங்க ஆரம்பித்திருந்தது. சங்கிலிக்குள்ளே, கட்டத்தின் ஓரத்தில், மைக்செட்காரரின் ஒலிபெருக்கி இருந்தது. அதன் ஒயர் கட்டத்துக்குக் குறுக்கே ஓடியது. மச்சானின் பரீட்சையைக் கெடுத்துவிட்டோமே என்ற தவிப்பில் இருந்த மைக்செட்காரருக்கு, பாரம் அந்த ஒயர் மேல் உட்கார்ந்துவிடுமே என்ற ஒன்றுதான் கண்ணில் பட்டது. குனிந்து சங்கிலிக்கு அடியில் புகுந்து ஓடினார். ஒயரைப் பிடித்துச் சுருட்டத் தொடங்கினார். தலைக்கு மேலே இருட்டிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவில்லை.

சைகைக்காரர் அந்தப் பக்கம் நின்றார். நடுவில் கன்டெய்னர் மறைத்தது. மேலே இருந்து பார்த்தால் அடியில் ஆள் நிற்பது தெரியாது. கூட்டம் பார்த்தது. ஆனால் கூட்டத்தில் ஒரு கையும் எழவில்லை. இப்போதுதானே அவள் மைக்கில் சொல்லியிருந்தாள்.

ஒற்றைக் கைக்காரர் தன் வலது கையை உயரத் தூக்கினார். ஒரு கை போதாது. அது அவருக்கும் தெரியும்.

"உன் கையைத் தூக்கு தங்கச்சி."

அந்த ஒரு நொடியில் அவளுக்கு வாளி தெரிந்தது. அண்ணன் ஏணியில் ஏறியது தெரிந்தது. நாளைக் காலையில் அவன் போக இடமில்லாமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அடியில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்கும் கணவரும் தெரிந்தார். ஒற்றைக் கைக்காரரின் தோளோடு தோள் ஒட்டி நின்று இடது கையைத் தூக்கினாள். இரண்டு பேரின் இரண்டு கைகளும் ஒரே ஆளின் கைகளாகக் காற்றில் வீசின.

மேலே பிரேக் அலறியது.

கன்டெய்னர் ஒரு குலுக்குக் குலுங்கி நின்றது. வாளி உருண்டது. வாளி நிறைய இருந்த தண்ணீர் மொத்தமும், பாரத்தின் விளிம்பை ஒட்டிக் குனிந்திருந்த மைக்செட்காரர் தலையில் கொட்டியது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையை நீட்டினால் தொட்டுவிடும் உயரத்தில் இரும்பு. கையிலிருந்த ஒயரை அப்போதுதான் கீழே போட்டார். ஃபோர்மேன் ஓடி வந்து அவர் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

தங்கை ஓடிப்போய்க் கணவரைத் தொட்டுப் பார்த்தாள். தலையைத் தடவினாள். கையைத் தடவினாள். முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்புறம் அவர் ஈரத் தோளிலேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவில் ஃபோர்மேனைப் பார்த்து, "சார், தண்ணி…" என்றாள்.

ஃபோர்மேன் உருண்டு கிடந்த வாளியைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நின்ற மனிதரைப் பார்த்தார்.

"தண்ணிதானேம்மா கொட்டுச்சு?" என்றார்.

தோளில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியை எடுத்தார். "மேலே, கேக்குதா? பாரத்தைக் கட்டத்துல இறக்கிட்டுக் கீழே வா. நாளையிலேர்ந்து காலை ஷிஃப்ட் உனக்கு."

இரைச்சலுக்கு நடுவில் அண்ணன் குரல், "சரி சார்" என்றது.

மைக்செட்காரர் மூக்கிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, மிகவும் பணிவாகக் கேட்டார். "இப்போ கைதட்டலாமா சார்?"

"பாரம் தரையில உக்காரட்டும்."

ஊர் காத்திருந்தது. சைகைக்காரரின் கட்டைவிரல் கீழே காட்டியது. கன்டெய்னர் மெல்ல இறங்கி, மஞ்சள் கோடு நாலு பக்கமும் தெரிய, கட்டத்துக்குள் உட்கார்ந்தது. ஃபோர்மேன் தலையை ஆட்டினார். பைகளிலிருந்தும் முதுகுகளுக்குப் பின்னாலிருந்தும் கைகள் வெளியே வந்தன. எல்லாரும் கையை நெஞ்சுக்கு மேலே தூக்காமல், ஜாக்கிரதையாக, ஆனால் துறைமுகமே அதிரும்படி தட்டினார்கள். பேண்டு மாஸ்டர் ஒரே கையால் வாத்தியத்தை நடத்தினார். மைக்செட்காரர் அழுதாரா, தண்ணீர்தான் வழிந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஃபோர்மேன் வாக்கி டாக்கியைத் தங்கையிடம் நீட்டினார். "உன்னைத்தான் கேக்கறான்."

"இப்ப நிறுத்தச் சொன்னது யாரு?" என்றான் அண்ணன்.

"நான்தாண்ணே."

"ஒரு கை உன்னோடது. பார்த்தேன். இன்னொரு கை யாருது? அந்த வீச்சு எனக்குத் தெரியும்."

அவள் திரும்பினாள். ஒற்றைக் கைக்காரர் அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். ஓடிப்போய் வழியை மறித்தாள்.

"நீங்கதானே கம்பம்? எத்தனை நாளா உங்களைத் தேடறான் தெரியுமா? பார்க்காம எங்கே போறீங்க?"

"நான்தான் அவனைப் பார்த்துட்டேனே. நல்லா இருக்கான். அது போதும்." அவர் குரல் இறங்கியது. "நான் வந்ததைச் சொல்லாதே தங்கச்சி."

"ஏன்?"

அவர் கிரேனை நிமிர்ந்து பார்த்தார்.

"அவன் கால் போன அன்னைக்கும் கீழே நின்னது நான்தான்" என்றார். "அன்னைக்கு எனக்கு ரெண்டு கையும் இருந்துச்சு. நேரத்துக்குத் தூக்கலை."

வாக்கி டாக்கி மறுபடி கரகரத்தது. "யாருன்னு சொல்லு. அவனா? சொல்லு."

தங்கை பொத்தானை அழுத்தினாள். அவர் தலையை வேகமாக ஆட்டினார், வேண்டாம் என்று.

"கீழே வந்து நீயே பாரு அண்ணே" என்றாள்.

சொல்லிவிட்டு, அவருடைய காலியான சட்டைக் கையைப் பையிலிருந்து இழுத்து, முறுக்கித் தன் உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மேலே கதவு திறந்தது. டக், டக் என்று அந்தச் சத்தம் ஏணியில் இறங்கி வர ஆரம்பித்தது. ஏறும்போது இருந்ததைவிட வேகமாக வந்தது.